அல்வாக்கார யாகூபின் பேரன்கள்

பெஹாதினின் மினிபஸ்ஸில் ஏறுகிறவர்கள் திராகாஷில் வாயைத் திறந்தால், மலையிறங்கி பிரிஸ்ரென் கடைத்தெருவுக்கு வந்த பிறகுதான் மூடுவார்கள். கொசோவோவின் தென்கோடியிலுள்ள கோரா மலைக் கிராமங்களில் யாருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், யார் வீட்டு மாடு கன்று போட்டது, வியன்னாவிலிருந்து எவன் புதுக் காரில் வந்து இறங்கினான் என்பதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால்தான் பேசி முடிவாகும். அவன் பாட்டுக்கு வளைவுகளில் வண்டியை ஒடித்துக்கொண்டு, கேட்க வேண்டியதையும் கேட்டுக்கொண்டு, கேட்கக் கூடாததையும் கேட்டுக்கொண்டு ஓட்டுவான். முப்பத்தொரு வயது. நல்ல உயரம். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். தகப்பன் இல்லை. வீட்டில் அவனும் அம்மா நஸிஃபாவும்தான்.

அந்த வருஷம் பனி உருகத் தொடங்கியபோது பேச்சு அவன் பக்கமே திரும்பியது.

"ஏண்டா பெஹாதின், இஸ்மெத் பொண்ணைக் கேட்டியாமே? என்ன சொன்னாரு அந்த மனுஷன்?" என்று ஆரம்பித்தாள் ஜெய்னெபா அத்தை. வாரச் சந்தைக்குப் பாலாடைக்கட்டி வாளிகளோடு இறங்குகிறவள். வாளிக்கு ஒரு ஸீட், அவளுக்கு ஒரு ஸீட், அவள் வாய்க்கு மொத்த பஸ்.

"பாஸ்போர்ட் இருக்கான்னு கேட்டாரு அத்தை."

"உன்கிட்டதான் இருக்கே!"

"இது ஆகாதாம். கதவைத் திறக்கிற பாஸ்போர்ட் வேணுமாம்."

அன்றைக்குக் கொசோவோ பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சக்தி இல்லை. வியன்னாவுக்கோ மியூனிக்குக்கோ போக வேண்டுமென்றால் விசாவுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

"இதென்னடா பெரிய சங்கதி?" என்றாள் அத்தை. "வேற ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு. என் மூத்தவன் செர்பியன். நடுவுலவன் துருக்கியன். சின்னவன் பல்கேரியன். மூணு பேரும் இந்த ஒரே மாருல குடிச்சவனுங்க. பாலுல நான் என்ன கலந்தேன்னு எனக்கே தெரியல!"

பஸ் குலுங்கியது சிரிப்பாலா பள்ளத்தாலா என்று சொல்ல முடியவில்லை.

அத்தை பொய் சொல்லவில்லை. கோராக்காரர்களை எந்த இனம் என்று கேட்டால் "நம்மாளுங்க" என்பார்கள். என்ன பாஷை என்று கேட்டால் "நம்ம பாஷை" என்பார்கள். அதற்கு மேல் ஒரு பெயர் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் சுற்றியுள்ள அரசாங்கங்களுக்கு அது போதவில்லை. 'மதம் மாறின செர்பியர்தான் நீங்கள்' என்றது பெல்கிரேட். 'எங்கள் ரத்தம்' என்றது அங்காரா. 'உங்கள் பேச்சைக் கேட்டாலே தெரிகிறதே, நீங்கள் பல்கேரியர்' என்றது சோஃபியா. அழகான பெண் இருக்கிற வீட்டுக்கு நாலு பக்கமிருந்தும் மாப்பிள்ளை வீட்டார் வருவதுபோல வந்தார்கள். அவர்கள் விரும்புகிற இனத்தின் பெயரைச் சொல்லி, தாத்தா அந்த இனம்தான் என்று காட்டிவிட்டால் குடியுரிமை. சொல்லாதவனுக்கு இருந்ததே கதி.

அதிலும் பல்கேரியாவின் காகிதத்துக்குத்தான் கிராக்கி. அது ஐரோப்பிய ஒன்றியத்துக் காகிதம். அது கையில் இருந்தால் மறுநாளே வியன்னாவில் வேலைக்குச் சேரலாம்.

பெஹாதினுக்கு வியன்னா வேண்டாம். அவனுக்கு வேண்டியது செவ்தா.

செவ்தா திராகாஷ் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பிரிஸ்ரென்னிலிருந்து மருந்துப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குவது பெஹாதினின் பொறுப்பு. முதல் வருஷம் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். இரண்டாம் வருஷம் பெட்டியை வைத்துவிட்டு நின்றான். மூன்றாம் வருஷம் அவளே கேட்டாள்: "என்ன, தினமும் தலைவலி மாத்திரை வாங்குறீங்க? தலை எனக்குத்தான் வலிக்குது. வீட்ல வந்து பேசறதுன்னா பேசுங்க."

போய்ப் பேசினான். இஸ்மெத் காட்டிலாகாவில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையைத் தடவிக்கொண்டுதான் எதையும் சொல்வார்.

"என் பொண்ணு இந்த மலையில சாணி அள்ள வேணாம். எனக்குன்னு ஒரு பாஸ்போர்ட் தேவையில்ல. நான் பிறந்த மண்ணுலேயே சாவேன். என் மீசையைப் பார்த்து எந்த நாட்டுக்காரனும் முத்திரை குத்த வேண்டிய அவசியம் இல்ல. ஆனா மருமகன்னு ஒருத்தன் வர்றான்னா அவன் கையில ஐரோப்பா இருக்கணும்."

"மாமா, எனக்கு வண்டி இருக்கு, ரூட் இருக்கு..."

"ரூட் பிரிஸ்ரென்னோட முடியுதே, தம்பி!"

பெஹாதின் எழுந்து வந்துவிட்டான். அவன் செவ்தாவிடம் ஒன்றும் சொல்லாமல், ஒரு நாள் மதியம் வண்டியை ஆற்றோரம் நிறுத்திவிட்டு ரிஸ்வானைத் தேடிப் போனான்.

ரிஸ்வானுக்கு அலுவலகம் கிடையாது. பிரிஸ்ரென் ஆற்றங்கரைக் காப்பிக்கடையில் மூலை மேஜைதான் எல்லாம். தாத்தா தேடித் தருவது அவன் தொழில்.

"என்ன குலம்?" என்றான் ரிஸ்வான்.

"குர்திஷ்னு குலப்பேரு. மேல்கிராமம்."

"தாத்தா பேப்பர் ஏதாவது இருக்கா?"

இருந்தது. அதுதான் தொல்லை. பழைய சான்றிதழ் ஒன்றில் தாத்தா குர்திஷெவிச், செர்பியர். இன்னொன்றில் குர்திஷி, அல்பேனியர். மூன்றாவதில் துருக்கியர். நாலாவதில் 'தெரிவிக்கவில்லை'. மனுஷன் ஆட்டு மந்தையை விட்டு அசைந்ததில்லை. மலையும் அசையவில்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் பெயரின் வால் மட்டும் அசைந்திருந்தது.

ரிஸ்வான் காகிதங்களைப் புரட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டான். "உன் தாத்தா எல்லாமாவும் இருந்திருக்காரு. பல்கேரியனா மட்டும் இருந்ததில்ல. மனசாட்சியே இல்லாத மனுஷன்."

"இப்ப என்ன பண்றது?"

"வேற தாத்தா வெச்சுக்கலாம்." பக்கத்து மேஜைக்காரன் கேட்டுவிடாதபடி குனிந்தான். "யாகூப்னு ஒருத்தர். நம்ம மலைக்காரர்தான். அந்தக் காலத்துல சோஃபியாவுல அல்வாக் கடை வெச்சிருந்தாரு. அங்க பதிவுல 'பல்கேரியன்'னு பளிச்சுனு எழுதியிருக்கு. தங்கமான மனுஷன். யாருக்கும் தொந்தரவு குடுக்காம செத்துப் போனாரு. உங்கப்பா அவரோட மகன்னு காகிதம் ரெடி பண்ணிடுவேன்."

"அவரு எங்க குலம் இல்லையே அண்ணே."

"குலம் கேக்கறது நம்ம ஊர்ல. அங்க காகிதம்தான் குலம்."

கோராவில் ஒரு பிள்ளை தெருவில் எதிர்ப்பட்டால் பெயரைக் கேட்கமாட்டார்கள். 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்பார்கள். குலப் பெயரைச் சொன்னால் போதும், கல்யாணத்துக்குப் பெண் எடுக்கலாமா கூடாதா என்பது வரைக்கும் அதில் அடங்கிவிடும். அப்படியிருக்க, இன்னொருத்தர் பெயரைத் தாத்தா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குள் பெஹாதின் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தான். வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னான். நஸிஃபா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அல்வாவா? உன் தாத்தாவுக்கு வாயில ஒரு பல்லு கிடையாது. அல்வாவை நக்கித்தான் சாப்பிடுவாரு. அவரைப் போயி அல்வாக்காரர் மகன் ஆக்கிட்டியே!"

"அம்மா, யாகூப் மகன் தாத்தா இல்ல. அப்பா."

"அதைவிட மோசம்! அவரு இனிப்பே தொடமாட்டாரு!"

சில மாதங்கள் கழித்துத் தலைநகர் பிரிஷ்டினாவிலிருக்கும் பல்கேரியர்களின் அலுவலகத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸுக்கு அன்று விடுமுறை. பிரேக் சாமான் வாங்கப் போகிறேன் என்று செவ்தாவிடம் சொல்லிவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ரிஸ்வான் எழுதிக் கொடுத்த யாகூப் புராணத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு காலி மினிபஸ்ஸை ஓட்டிப் போனான். யாகூபுக்கு மூன்று மகன்கள். அல்வா கடலைமாவு அல்வா அல்ல, எள் அல்வா. கடை சந்தைக்குப் பக்கத்தில்.

அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நீளமான நடைவழி. சுவரோரம் பெஞ்சு. அதன் கடைக்கோடியில் ஒருவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளின் இரண்டு பக்கமும் மீசை நீட்டிக்கொண்டிருந்தது.

பெஹாதின் அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தான். அதற்குள் செய்தித்தாள் இறங்கியது.

"அட, பெஹாதினா? இங்க எங்கப்பா?" என்றார் இஸ்மெத். முகம் பீட்ரூட் ஆகியிருந்தது.

"பிரேக் சாமான் வாங்க வந்தேன் மாமா."

"இந்த ஆபீஸ்லயா?"

"இல்ல... கடை பத்து மணிக்குத்தான் திறப்பாங்களாம். அதுவரைக்கும் உட்கார்ந்திருக்கலாம்னு. நீங்க?"

"பல்லு வலி. டாக்டரைப் பாக்க வந்தேன்."

"இந்த ஆபீஸ்லயா?"

"படியேறினேன். தப்பான கட்டடம் போலிருக்கு. மூச்சு வாங்குதேன்னு உட்கார்ந்தேன்."

இருவரும் எதிர்ச்சுவரிலிருந்த ரோஜாத் தோட்டப் படத்தை வெகு அக்கறையாகப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து போனால்தான் மற்றவருக்கு மானம் மிஞ்சும். இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

கதவு திறந்தது. கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள் தலையை நீட்டி, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "சோஃபியா அல்வா வியாபாரி யாகூபோட வாரிசு!"

இரண்டு பேரும் சேர்ந்து எழுந்தார்கள்.

எழுந்தபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உட்கார்ந்தால் தேவலை என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்ற, இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க," என்றாள் அந்த அம்மாள்.

அவள் பெயர் தொனேவா என்று மேஜைப் பலகை சொன்னது. அவள் பேசிய பல்கேரிய மொழி இவர்களுக்குப் புரிந்தது. இவர்கள் பேச்சு அவளுக்கும் புரிந்தது. மேஜைமேல் இரண்டு கோப்புகள் இருந்தன. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"யாகூபுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"மூணு," என்றான் பெஹாதின்.

"ரெண்டு," என்றார் இஸ்மெத்.

"ஒண்ணு சின்ன வயசுலேயே தவறிடுச்சு," என்று இஸ்மெத் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"அப்படியா, பாவம்," என்றாள் தொனேவா அம்மாள். "இந்தக் கோப்புப்படி நீங்க யாகூப் மகன். அந்தக் கோப்புப்படி இவர் யாகூப் பேரன். அப்ப இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

இஸ்மெத் ஒரு கணமும் யோசிக்கவில்லை. பெஹாதினின் தோளில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டார். "என் அண்ணன் மகன்! தூக்கி வளர்த்த பிள்ளை!"

அந்த அம்மாள் பெஹாதின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. இவர் உங்க சித்தப்பாதானே?"

தோளில் கிடந்த கை அழுத்தியது. ஒரே ஒரு வார்த்தை. 'ஆமாம்' என்றால் இரண்டு கோப்பும் மேலே போகும். சோஃபியாவில் முத்திரை விழும். ஐரோப்பா கையில் வரும். இஸ்மெத் போட்ட நிபந்தனை நிறைவேறும். ஆனால் இஸ்மெத் சித்தப்பா என்றால் செவ்தா யார்? தங்கை. ஒரே தாத்தாவின் பேத்தி. மலையில் ஒரே குலத்தில் பெண் எடுத்தவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவனுக்குத் தெரியும். எங்கே பதிவு செய்யப் போனாலும் இந்தக் காகிதம் முன்னால் வந்து நிற்கும். பாஸ்போர்ட் வாங்குவதே அவளைக் கட்டிக்கொள்ளத்தான், வாங்கினால் அவளைக் கட்டமுடியாது.

அவனுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் ஏனோ சிரிப்பு வந்தது. கண்கள் இரண்டும் மறைந்தன.

"இல்லீங்க அம்மா," என்றான். "இவரு எனக்குச் சித்தப்பா இல்ல. இவரு பொண்ணைத்தான் நான் கட்டிக்கப் போறேன். மாமனாராகப் போறவரு."

தோளிலிருந்த கை விழுந்தது.

தொனேவா அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "அண்ணன் தம்பி பிள்ளைங்க கட்டிக்கிறது எங்க சட்டத்துலயும் கிடையாது," என்றாள் மெதுவாக. அவள் உதட்டோரம் துடித்தது. "எங்க குறிப்புல யாகூப் கல்யாணமே ஆகாம காலமானவர். கல்யாணமாகாத மனுஷனுக்கு இந்த மாசம் மட்டும் எத்தனை வாரிசு வந்துட்டாங்க தெரியுமா?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நான் இன்னும் எதுலயும் முத்திரை போடல. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கறோம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. சொந்தத் தாத்தாவோட வந்தா உட்கார்ந்து பேசலாம்." கோப்புகளை நகர்த்திவிட்டு, ஆர்வம் தாங்காமல் கேட்டாள்: "சரி, காகிதத்தை விடுங்க. நிஜமா நீங்க யாரு?"

"நாங்க நம்மாளுங்க," என்றான் பெஹாதின்.

"யாருக்கு நம்மாளுங்க?"

பெஹாதின் யோசித்தான். "யாரு கூப்பிட்டாலும் போற ஆளுங்க இல்லம்மா. எங்களுக்குள்ளதான்."

"அப்படி ஒரு கட்டம் என் படிவத்துல இல்லையே," என்றாள் அவள், நிஜமான வருத்தத்தோடு.

கீழே வந்ததும் இஸ்மெத் மினிபஸ்ஸில் ஏறினார். முன் ஸீட் முழுசாகக் காலியாக இருந்தும், போய்க் கடைசி வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஒரே பயணி, ஒரே டிரைவர், நடுவில் காலி ஸீட்டுகள்.

ஊர் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா!"

"சொல்லியிருந்தா நீங்க எனக்குச் சித்தப்பா ஆயிருப்பீங்க."

"ஆனா என்ன? பாசமா இருந்திருப்பேன்!"

பெஹாதினுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமா, மீசையைப் பார்த்து எந்த நாட்டுக்காரனும் முத்திரை குத்த வேணாம்னீங்க. பிறந்த மண்ணுலேயே சாவேன்னீங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

கண்ணாடியில் பார்த்தான். கிழவர் கைக்குட்டையால் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தார். பெஹாதின் சாலையோரக் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினான். சூடான அடுக்கு ரொட்டியான புரெக்கும் தயிரும் வாங்கிக்கொண்டு கடைசி வரிசைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இஸ்மெத் தட்டைத் தொடாமல் சொன்னார். "என் பையன் சாதிக் ஆஸ்திரியாவுல கிராட்ஸுல இருக்கான்ல. அங்க தங்கறதுக்கு அனுமதி கேட்ட அவனோட கேஸ் இன்னும் முடியல. நாட்டை விட்டு வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க. அவனுக்கு ஒரு பையன் பொறந்து நாலு வருஷம் ஆச்சு. ஆதெம்னு பேரு. எங்கப்பா பேரு. போன்ல காட்டுவான். நான் கையை நீட்டுவேன், கண்ணாடிதான் தட்டும். மூணு தடவை விசா கேட்டேன். மூணு தடவையும் இல்லைன்னுட்டாங்க. கெழவன் போனா திரும்ப வரமாட்டான்னு நினைக்கிறாங்களாம். என் மாட்டை யாரு பாத்துக்குவா? திரும்பி வராம என்ன பண்ணுவேன்?"

பெஹாதினுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமே மாமா."

"ஊர்ல மீசையை முறுக்கிட்டு என்னென்னவோ பேசியாச்சு. இப்ப போயி எப்படிச் சொல்றது?" ஒரு துண்டு புரெக்கை எடுத்து வாயில் போட்டவர் "ஆ!" என்று தாடையைப் பிடித்தார்.

"என்ன மாமா?"

"பல்லு."

"அது நிஜமாவே வலிக்குதா?"

"ஒரு மாசமா வலிக்குது! பொய் சொல்ல வேற எதைப் பிடிப்பேன்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று பிறகு அவர்களுக்குள் தகராறே வந்தது. கடைக்காரன் வெளியே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். "அந்த ரிஸ்வான் பய அல்வாக்காரர் பேரைச் சொல்லி நமக்கே அல்வா குடுத்துட்டானே!" என்றார் இஸ்மெத், தாடையைப் பிடித்துக்கொண்டே. பிரிஸ்ரென் வந்ததும் பெஹாதின் அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனான். பிடுங்கியாயிற்று. கன்னம் ரொட்டிபோல வீங்கியது. பிரிஷ்டினா பயணத்துக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டதில் கிழவருக்குத் திருப்தி.

மறுநாள் காலை பெஹாதின் மருந்துப் பெட்டியை இறக்கியபோது செவ்தா ஒரு சீட்டை எடுத்து முன்னால் வைத்தாள்.

"எங்கப்பா பிரிஷ்டினாவுல பல்லு பிடுங்கினாராம். மருந்துச் சீட்டுல பிரிஸ்ரென் டாக்டர் கையெழுத்து. நேத்து நீங்க பிரிஷ்டினாவுக்குப் பிரேக் சாமான் வாங்கப் போனீங்க. வண்டியில பழைய பிரேக்தான் கீச்சுங்குது, இங்க வரைக்கும் கேக்குது. எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்க போனீங்க?"

"சேர்ந்து போகல," என்றான் பெஹாதின். "சேர்ந்துதான் திரும்பினோம்."

எல்லாவற்றையும் சொன்னான். யாகூபில் ஆரம்பித்து, கடைசி வரிசைக் கண்ணீர் வரை. செவ்தா கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர் தானும் எதற்கென்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போனார். ஆதெமைப் பற்றிச் சொன்ன இடத்தில் மட்டும் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"விசா கேட்டதை என்கிட்டகூட சொன்னதில்லையே அப்பா," என்றாள். பிறகு அவனை நேராகப் பார்த்தாள். "அந்த ரூம்ல நீங்க சித்தப்பான்னு சொல்லியிருந்தீங்கன்னா, ஆயுசுக்கும் உங்களை அண்ணான்னுதான் கூப்பிட்டிருப்பேன். பண்டிகைக்குப் பண்டிகை சீர் கேட்டு வாசல்ல வந்து நின்னிருப்பேன்."

"தெரியும். அதான் சொல்லல."

அன்று மாலை அவள் வீட்டில் நடந்ததை பெஹாதின் பிறகு துண்டுதுண்டாகக் கேட்டறிந்தான். சாப்பாட்டுத் தட்டை வைத்தபடி செவ்தா கேட்டாளாம்: "அப்பா, அண்ணன் மகன் ஒருத்தர் கிடைச்சாராமே. தூக்கி வளர்த்தீங்களாமே. எனக்கு இன்னொரு அண்ணன் இருக்கிற விஷயத்தை இத்தனை நாளா மறைச்சுட்டீங்களே!"

இஸ்மெத்துக்கு வீங்காத கன்னமும் சிவந்துவிட்டது. அவர் மனைவி விஷயம் புரிந்ததும் துடைப்பத்தை எடுத்தாள். பிறகு அதை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேரனுக்காகத் தானும் தனியாக அழுகிற கதையைச் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே போன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஐரோப்பா வேணும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் எப்பவாவது கேட்டேனா?" என்றாள் செவ்தா. "நான் கட்டிக்கப் போறது பாஸ்போர்ட்டை இல்லப்பா."

இஸ்மெத் வெகு நேரம் மீசையைத் தொடவே இல்லை. கடைசியில், "பையன் நல்லவன்தான்," என்றார். "ஆபீஸ்ல என்னை விட்டுக்குடுத்தான். ஆனா உன்னை விட்டுக்குடுக்கல."

கல்யாணம் ஆகஸ்டில், ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாம் காரை எடுத்துக்கொண்டு மலையேறி வருகிற மாதத்தில். மேளமும் நாகஸ்வரம் போன்ற ஸூர்லாவும் மூன்று நாள் ஓயவில்லை. செவ்தா குடைநிழலில் குதிரைமேல் வந்தாள். மருமகளை வரவேற்க வாசலில் நஸிஃபா சர்க்கரைப் பாகு கிண்ணத்தோடு நின்றாள். குதிரை தலையை நீட்டியதில் பாதிப் பாகு அதற்கே போனது. விஷயம் இதற்குள் பஸ் முழுக்கப் பரவி, மலை முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆட்டக் களத்தின் நடுவில் ஜெய்னெபா அத்தை நின்றுகொண்டு கை தட்டிக் கூவினாள்:

"அல்வாக்கார யாகூப் பேரனுங்க எல்லாம் வெக்கப்படாம ஒரு வரிசையா வாங்கடா! தாத்தா பேரைச் சொல்லி ஒரு ஆட்டம் போடுங்க!"

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு கீழ்க்கிராமத்துக் கொல்லன் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான். அவன் பின்னால் இரண்டு சகோதரர்கள். அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை நீண்டது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இஸ்மெத் கடைசியாக எழுந்து போய் மருமகன் பக்கத்தில் நின்று கையைக் கோத்துக்கொண்டார். ரிஸ்வானுக்கும் அழைப்பு போயிருந்தது. அவன் வரவில்லை; காப்பிக்கடை மேஜையையும் மாற்றிக்கொண்டுவிட்டான் என்று கேள்வி.

அன்றிரவு கூட்டம் கலைகிற நேரத்தில் சாதிக் கிராட்ஸிலிருந்து போனில் வந்தான். தங்கையின் கோலத்தைப் பார்த்து அழுதான். பெஹாதின் போனை உயர்த்திப் பிடித்து மொத்தக் களத்தையும் சுற்றிக் காட்டினான்.

அதற்கப்புறம் நடந்ததை எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள், ஆனால் யாரும் நம்பவில்லை. எத்தனையோ வருஷமாக வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த சங்கதி, புத்தாண்டு அன்று நிஜமாகவே வந்துவிட்டது. கொசோவோ பாஸ்போர்ட் இருந்தால் போதும், விசா இல்லாமல் ஐரோப்பாவுக்குள் போகலாம், மூன்று மாதம் வரை தங்கலாம். எந்த இனம் என்று சொல்ல வேண்டாம். தாத்தா வேண்டாம். வேலைக்குப் போக முடியாதுதான். ஆனால் இஸ்மெத் வேலைக்கா போகிறார்?

பனிக்காலத்திலேயே அவரும் மனைவியும் கிளம்பினார்கள். மாட்டை பெஹாதினும் நஸிஃபாவும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு பெட்டி முழுக்கப் பாலாடைக்கட்டி. எல்லையில் பறித்துக்கொள்வார்கள் என்று செவ்தா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "பறிச்சா அவன் சாப்பிடட்டும். அவனுக்கும் ஒரு பேரன் இருப்பான்ல," என்றார். பறித்துக்கொண்டார்கள்.

கிராட்ஸிலிருந்து தினமும் போன் வந்தது. பேரன் முதல் நாள் மீசையைப் பார்த்துப் பயந்து மேஜைக்கடியில் போய்விட்டான். மறுநாள் அந்த மீசையைப் பிடித்து இழுத்தான். நாலாம் நாள் அதைப் பிடித்துக்கொண்டே தூங்கினான். அவன் பேசுவது பாதி ஜெர்மன், பாதி நம்ம பாஷை. இஸ்மெத்துக்கு ஜெர்மன் பாதி புரியாது, ஆனால் எல்லாவற்றுக்கும் "ஆமாண்டா ராஜா" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லிச் சொல்லி, ஒரு நாய்க்குட்டி வாங்கித் தருவதாக அவர் சத்தியம் செய்துவிட்டது பிறகுதான் தெரியவந்தது.

மூன்று மாதம் தங்கலாம் என்றாலும், ஒரு மாதம் முடியும் முன்பே ஒரு காலை பிரிஸ்ரென் நிறுத்தத்தில் இரண்டு பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். பெஹாதின் பிரேக்கைப் போட்டு இறங்கினான்.

"என்ன மாமா, அதுக்குள்ள? இன்னும் நாள் இருக்கே!"

"இருக்கட்டும், மறுபடியும் போவேன், இப்பதான் கதவு திறந்திருக்கே," என்றார் இஸ்மெத். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். "அந்த ஊர்ல பஸ்ஸுல ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டேங்கிறான்பா. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான். என் மாடு எப்படி இருக்கு, அதைச் சொல்லு முதல்ல."

பெஹாதின் கியரைப் போட்டு வண்டியை மலைப்பாதையில் திருப்பினான். மாடு கன்று போட்ட கதையை அவன் சொல்லத் தொடங்குவதற்குள், பின் ஸீட்டிலிருந்த மூன்று பேர் அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.